நாற்பத்தாறாம் பக்கத்துப் பூ

தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல்பதிவு வந்தது. பெண்குரல். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"அக்கா, எம் பேரு முத்துமாரி. மாட்டுப்பட்டி பக்கத்துல எஸ்டேட்ல இருந்து பேசுதேன். தேயிலை பேக்டரியில வேலை. உங்க புத்தகத்துல நாப்பத்தாறாம் பக்கத்துல ஒரு பூ வரைஞ்சிருக்கீங்கல்லா, அதால எனக்குக் கெடைக்க வேண்டிய வேலை போச்சு. அதச் சொல்லணும்னு தோணுச்சு. வச்சிருதேன்."

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. ஊரில் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூன்று முறை கேட்டேன். பிறகு நானே அழைத்தேன்.

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு காட்டுப் பூக்களை வரைவது என் தொழில். சென்ற ஆண்டு வந்த ஒரு கையேட்டுக்கு நூற்றுச் சொச்சம் படங்கள் வரைந்தேன். எழுதியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். நாற்பத்தாறாம் பக்கத்தில் இருப்பது சதுப்பில் வளரும் செடி, புதினாக் குடும்பம். துளசி, தும்பை, புதினா எல்லாம் அந்தக் குடும்பம்தான். தண்டு நான்கு பட்டையாக இருக்கும், இலைகள் எதிரெதிரே வரும், பெரும்பாலும் கசக்கினால் மணக்கும். இந்தச் செடி மட்டும் வீட்டாரோடு கோபித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல இருக்கும். தண்டு உருண்டை, மணம் கிடையாது, ஒவ்வொரு கணுவிலும் இலைகள் குடைக்கம்பிகளைப்போல வட்டமாக விரிந்திருக்கும். உச்சியில் ஊதாக் கதிர்.

முத்துமாரி நடந்ததைச் சொன்னார். அவர் ஊரில் சுற்றுலாக்காரர்களை இயற்கை நடைக்கு அழைத்துப்போகும் சிறு குழு ஒன்று வழிகாட்டி வேண்டுமென்று ஆள் தேடியது. இவரும் போனார். எஸ்டேட் வீடுகளுக்குக் கீழே இருக்கும் சதுப்பில் நடக்கவிட்டு, ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பெயர் கேட்டார்கள். ஊதாக் கதிர் வைத்த செடியைக் காட்டியபோது, "இது புதினாக் குடும்பம்" என்றார் இவர். தேர்வாளர் பையிலிருந்து எங்கள் புத்தகத்தை எடுத்து நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தார். அதில் ஒரு கணுவுக்கு ஏழெட்டு இலைகள். சமவெளி வயல்களில் மட்டும் காணப்படும் என்று கீழே வரி. முத்துமாரியின் செடியில் கணுவுக்கு நாலே இலைகள். ஆக, இது அந்தச் செடியும் இல்லை, அந்தக் குடும்பமும் இல்லை என்று அவர் முடிவுகட்டினார்.

"தெரியாதத தெரியாதுன்னு சொல்லணும், இட்டுக்கட்டக் கூடாதுன்னுட்டாரு. இட்டுக்கட்டலக்கா. நான் பாத்ததத்தான் சொன்னேன்."

பேராசிரியரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒரே செடிதாம்மா. எங்கேயோ கீழேயிருந்து மேலே ஏறியிருக்கும். குளிர்ல ஒடுங்கி நாலு இலையோட நிக்கும்" என்றார். அப்படியும் இருக்கலாம். ஆனால் நான் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் செடியை நான் உயிரோடு பார்த்ததே கிடையாது. ஒரு புகைப்படத்தையும், பாலக்காட்டின் கிழக்கே எடுத்து உலர்த்திய ஒரு காய்ந்த கொப்பையும் வைத்து வரைந்த படம் அது. இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள். அதற்குள் இரண்டு செடிகளையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். முதலில் கீழே, பிறகு மேலே.

*

பொள்ளாச்சியில் ஏறிய பேருந்தில் தூங்கிவிட்டேன். தை மாதத்து வெயில் தலைக்கு இதமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தென்னை, தென்னை, மறுபடியும் தென்னை. மரத்துக்கு மரம் கள்ளுப் பானைகள். அந்தப் பானைகளை எண்ணிக்கொண்டே கண் செருகியிருக்க வேண்டும். விழித்தபோது என் தலை பக்கத்து இருக்கைப் பெண்ணின் தோளில் இருந்தது. பேருந்து கேரளத்துச் சித்தூரில் நின்றிருந்தது.

"எங்கே இறங்கணும்?" என்று அந்தப் பெண் மலையாளத்தில் கேட்டார்.

"கொழிஞ்சாம்பாறை."

"ஐயோ, அது போய் ரொம்ப நேரமாச்சே. எனக்கும் அங்கேதான் இறங்கணும்."

"அப்புறம் ஏன் இறங்கலை?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க" என்றார், அதைவிடத் தெளிவான காரணம் வேறு இல்லை என்பதுபோல. "எழுந்தா உங்க தலை விழுந்திடும். உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைப்பவராம். அன்றைக்கு விடுமுறை. இரண்டு பேரும் இறங்கி, எதிர்ப்புறம் நின்று, பழம்பொரி என்னும் வாழைப்பழ பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினோம். எங்கள் ஊரில் பேருந்தில் யாராவது தோளில் சாய்ந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். தோளை மெதுவாக இழுத்துக்கொள்வேன். இறங்கும்போது அவர் பெயரைக் கேட்க மறந்துபோனேன்.

நிறுத்தத்தில் பழனிச்சாமி மொபெட்டோடு காத்திருந்தார். பேராசிரியருக்கு அந்தக் காய்ந்த கொப்பைக் கொடுத்த வயல் இவருடையதுதான். அறுபதைத் தாண்டியவர்.

"ஏனுங்க, பஸ்ஸு வந்து ஒரு மணி நேரமாச்சுங்களே. நீங்க மட்டும் எறங்கக் காணோம்."

"தூங்கிட்டேங்க."

"அதுக்கென்னுங்க. தூக்கம் வந்தாத் தூங்கத்தானுங்க வேணும்."

கடைப் பலகைகளில் மலையாளம். கடைக்குள் பேச்செல்லாம் கோயம்புத்தூர்த் தமிழ். கொஞ்ச நேரத்தில் எந்த மாநிலத்தில் இருக்கிறேன் என்ற கேள்வியே கரைந்துபோனது. காற்று மட்டும் புதிது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசுகிறது. நிற்காமல், சளைக்காமல், தென்னை ஓலைகளை ஒரே பக்கமாக வாரிவிட்டுக்கொண்டே இருக்கிறது.

வயலை அடைந்தோம். மற்ற வயல்களில் நெல் நின்றது. நான் பார்க்க வந்த தரிசு வயலில் செடி இல்லை, புல் இல்லை, ஒன்றுமே இல்லை. உழுத சேறு கண்ணாடிபோல மின்னியது.

"நேத்துத்தானுங்க டிராக்டர் ஓட்டுனோம்" என்றார் பழனிச்சாமி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க?" என்றார்.

அவர் மனைவி சரசக்கா வரப்பில் வந்துகொண்டிருந்தார். விஷயம் புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அம்மிணி, நீங்க களையப் பாக்க வாறீங்கன்னு இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லுலீங்களே! யாரோ ஆபீசரம்மா வயலப் பாக்க வாறாங்கன்னாரு. வாறப்ப சுத்தமா இருக்கோணும்னு நாந்தான் ஓட்டச் சொன்னனுங்க."

என்னை வரவேற்கத்தான் அந்தப் பூக்களை அழித்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். சரசக்கா அப்படி நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். "மூலையில ஒரம்புத் தண்ணி கசியற எடம் ஒண்ணு இருக்குது. டிராக்டர் அங்க போகாது. அங்க மொளைக்காம எங்கயும் மொளைக்காது" என்று பேசிக்கொண்டே நடந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். சேறு வெதுவெதுப்பாக இருந்தது.

மூலையில் பதினொரு செடிகள் நின்றன.

முழங்கால் உயரம். கணுவுக்குக் கணு மெல்லிய இலைகளின் வட்டம். எண்ணினேன், ஏழு, எட்டு, மறுபடி ஏழு. உச்சியில் விரல் நீளத்துக்கு இளம் ஊதாக் கதிர், பட்டுநூலில் சுற்றியதுபோல. காற்றில் பதினொன்றும் ஒரே பக்கம் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. என் படம் சரிதான் என்று மூச்சு வந்தது. உருப்பெருக்கியை எடுத்துக் கதிருக்குள் பார்த்தேன். வந்த மூச்சு நின்றது.

ஒவ்வொரு பூவிலிருந்தும் நான்கு மகரந்தத்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நிறத்தில் சின்னஞ்சிறு மயிர்க்கற்றை. இந்தச் செடிகளுக்குக் கிரேக்கத்தில் வைத்த பேருக்கே 'தாடிவைத்த மகரந்தத்தாள்' என்றுதான் அர்த்தம். அது எனக்கு ஏட்டளவில் தெரியும். ஆனாலும் வழவழப்பான கோடுகளாக வரைந்து தள்ளியிருந்தேன். காய்ந்த கொப்பில் மயிரெல்லாம் ஒட்டிப்போயிருந்தது, புகைப்படத்தில் கலங்கியிருந்தது, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சரசக்கா உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தார். "அடேயப்பா! தாடி மொளைச்சிருக்குதுங்க!" கணவனைக் கூப்பிட்டுக் காட்டினார். பழனிச்சாமி நெடுநேரம் பார்த்துவிட்டு, "முப்பது வருசமா இதப் புடுங்கி எறியறனுங்க" என்று மட்டும் சொன்னார்.

வரையத் தொடங்கினால் காற்று விடவில்லை. பூ ஒரு கணம்கூட நிற்கவில்லை. சரசக்கா வீட்டுக்குப் போய் ஒரு கட்டில் விரிப்பைக் கொண்டுவந்தார். புருசனும் பெண்சாதியும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எனக்கும் செடிக்கும் காற்றுத் தடுப்பாக நின்றார்கள். விரிப்பு பாய்மரம்போலப் புடைத்தது. அதன் மறைவில் பூ மெல்ல அசைவடங்கி நின்றது. என் ஆயுளில் அதைவிட அமைதியான இரண்டு மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு, மேலே உருக்கின நெய். கை முழுக்கச் சேற்று மணத்தோடு சாப்பிட்டேன்.

*

மறுநாள் மலையேறினேன். மறையூருக்கு மேலே மூடுபனி சூழ்ந்துகொண்டது. பேருந்தின் கண்ணாடித் துடைப்பான் பாதி வழியில் செத்துப்போனது. நடத்துநர் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு செய்தித்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கித் துடைத்துவிட்டு ஏறினார். அரை கிலோமீட்டர் போனதும் மறுபடி இறங்கினார். யாரும் அவசரப்படவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்தாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் அரசாங்கத்தைத் திட்டியிருப்பார்கள். இங்கே எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் மலையாளத்தில் ஒரு கல்யாணப் பேச்சை நிதானமாக அலசிக்கொண்டிருந்தார்கள்.

"பையன் நல்லவன்தான்."

"நல்லவன்தான். ஆனா ஆலப்புழைக்காரன். இந்தக் குளிரைத் தாங்கமாட்டான்."

"போர்வை வாங்கிக் குடுத்தாப் போச்சு."

"ஆயுசு பூரா போர்த்திக்கிட்டா இருப்பான்?"

பனிக்குள் தேயிலைச் சரிவுகள் வந்தன, போயின. வெண்மைக்குள் ஒரு பச்சைத் துண்டு மிதந்துவரும்; அதில் கூடை சுமந்த ஒருத்தி நிற்பாள்; கண்ணிமைத்தால் இருக்கமாட்டாள். வண்டி நகர்கிறதா மலை நகர்கிறதா என்றே சொல்லமுடியவில்லை.

முத்துமாரி அணைக்கட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், தலையில் கம்பளிக் குல்லா. கிட்டே போனால் தேயிலைத் தூள் மணம்.

"வருவீயன்னு நெனைக்கலக்கா" என்றார். சிரிக்கவில்லை.

"வராம எப்படி இருக்க முடியும்?"

"இந்தச் செடி விசயமா போன்ல பேசினவங்க எல்லாருமே வாரேன்னுதான் சொன்னாங்க." ஒருவரும் வந்ததில்லை என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே விளங்கியது.

அவர் வீடு லயத்தில் கடைசி. லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். இரண்டு அறைகள், பின்னால் ஒரு மாட்டுக் கொட்டில். கணவர் ஜீப் ஓட்டப் போயிருந்தார். வேகவைத்த கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் பாலில்லாக் கட்டன்காப்பியும் வந்தன. மிளகாய் காதுவரை எரிந்தது. அந்த எரிச்சலில்தான் குளிர் விலகியது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு நோட்டை என் மடியில் வைத்தார். பக்கத்துக்கு ஒரு செடி. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றிலும் எங்கே பார்த்தது, எந்த மாதம் பூத்தது, மாடு தின்னுமா தின்னாதா, பூவுக்கு எத்தனை இதழ் என்று குனிந்த எழுத்தில் எழுதியிருந்தார். படங்கள் பேனாவால் கிறுக்கியவை. ஆனால் எல்லாக் கணுவிலும் இலைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது.

"மாட்டுக்குப் புல்லறுக்கப் போவேம்லா, அப்பப் பாத்ததுதான். எதத் தின்னா பால் கசக்கும்னு தெரியணும்ல. அப்படியே பேரு தெரிஞ்சா நல்லாருக்கும்னு தோணுச்சு. லைப்ரரியில ரெண்டு புஸ்தகம் எடுத்தேன். அதுல ஒண்ணு உங்களது."

"அந்த ஊதாக் கதிர்ச் செடிக்கு வாசனையே இல்லையே. தண்டும் பட்டையா இல்லை. பிறகு எப்படிப் புதினாக் குடும்பம்னு சொன்னீங்க?"

"நாளைக்குக் காட்டுதேன்" என்றார். "சொன்னா நம்ப மாட்டீய. பாத்தாத்தான் நம்புவீய."

*

காலையில் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. லயத்துக்குக் கீழே இறங்கினால் இரண்டு சரிவுகளுக்கு நடுவே அந்தச் சதுப்பு. காலை வைத்தால் தரை மெத்தைபோல அமுங்கி, பத்தடி தள்ளி இருக்கும் புல் ஆடியது. மூடுபனி இடுப்பளவுக்குக் கிடந்தது. முத்துமாரியின் குல்லா மட்டும் அதன் மேல் மிதந்துபோய்க்கொண்டிருந்தது. அதையே குறியாகப் பார்த்து நடந்தேன். எங்கோ மாட்டுப் பண்ணைப் பக்கம் மாடு ஒன்று குரல் கொடுத்தது. நான்கு திசையிலிருந்தும் கேட்டதுபோல இருந்தது.

"இந்தா அங்கன."

நான் அவற்றைப் பூ என்று முதலில் அறியவில்லை. பனிக்குள் ஊதாப் புகை போலத்தான் இருந்தது. கிட்டே போகப்போகப் புகை கதிர் கதிராகப் பிரிந்தது. நூற்றுக்கணக்கில் நின்றன. கீழே பார்த்ததைவிடக் குட்டை, நிறம் ஆழம், தண்டு முழுக்க வெண்ணிற ரோமம். லயத்துப் பெண்கள் இதைப் பூனைவால் என்கிறார்களாம்.

மண்டியிட்டு எண்ணத் தொடங்கினேன். கணுவுக்கு நாலு. அடுத்த கணு, நாலு. அடுத்த செடி, நாலு. உண்மையைச் சொல்வதானால், எங்காவது ஓர் ஏழு அகப்படாதா என்றுதான் தேடினேன். ஒரே ஒரு ஏழு கிடைத்தால் போதும். பேராசிரியர் சொன்னது சரியாகிவிடும். என் படம் நிற்கும். தேர்வாளர் சொன்னதில் தவறிருக்காது. நான் ஊருக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம். முப்பது செடிகளை எண்ணினேன். முழங்கால் நனைந்து மரத்துப்போயிற்று. ஏழு கிடைக்கவில்லை. ஐந்துகூடக் கிடைக்கவில்லை.

முத்துமாரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பூத்து முடிந்த ஒரு கதிரைக் கிள்ளி எடுத்தார். சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, கடுகளவு இருந்த ஒரு பூக்கிண்ணத்தைப் பிளந்து உள்ளங்கையில் தட்டினார்.

"எண்ணுங்க."

உருப்பெருக்கியின் கீழே நான்கு விதைகள். கரும்பழுப்பில், தூசி போல, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.

"வீட்டுல தொளசி இருக்கு. அதுல பாத்தேன், நாலு. தும்பையில பாத்தேன், நாலு. புதினா பூத்தப்பப் பாத்தேன், அதுலயும் நாலு. இதுல பாத்தா இதுலயும் நாலு. உதடு மாதிரிப் பூவும் இருக்கு. வாசம் இல்லாட்டி என்னக்கா, சொந்தம் சொந்தம்தானே?"

சரியான சான்று அதுதான். மணமும் பட்டைத் தண்டும் குடும்பத்தில் சிலருக்கு இல்லாமல் போகலாம். இந்த நான்கு விதை மாறுவது அபூர்வம். இதைப் பாடமாகப் படித்த நான் ஒரு பூவைக்கூடப் பிளந்து பார்க்காமல் வரைந்தேன். புல்லறுக்க வந்தவர் ஊக்கை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். திறந்த பூக்களில் தாடியும் இருந்தது. ஆக, கீழே பார்த்த செடியின் நெருங்கிய உறவு, ஆனால் வேறு செடி.

"என்னை மன்னிச்சுடுங்க முத்துமாரி."

அவர் ஊக்கைத் திரும்பச் சட்டையில் குத்திக்கொண்டார். "மன்னிப்ப வச்சு நான் என்னக்கா செய்ய? அவருகிட்ட வந்து சொல்லுங்க. அது போதும்."

அன்றைக்குப் பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன். இங்கே காற்று இல்லை. பனி வந்து பூவை அழிக்கும், காத்திருப்பேன், அதுவே பூவை மறுபடி வரைந்து கொடுத்ததுபோல விலகும்.

*

தேர்வாளர் பெயர் குரியன். வனத்துறை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நெட்டையானவர், முழங்கால்வலிக்காரர். அவர் அறையில் மேசைமேல் எங்கள் புத்தகம் இருந்தது. ஓரமெல்லாம் மடிந்து, மழை பட்டு ஊதி, நன்றாகப் புழங்கிய புத்தகம். அதைப் பார்த்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. புதுப் படத்தை நீட்டி, நாற்பத்தாறாம் பக்கத்தை வரைந்தது நான்தான், அதை வைத்து இந்தச் செடியை அளக்கக் கூடாது, முத்துமாரி சொன்னது சரி என்றேன்.

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "அம்மா, இது நல்ல படம்" என்றார் மலையாளத்தில். "முதல் படமும் நல்ல படம்தான். படத்தை நம்பித்தானே நான் தப்புப் பண்ணினேன்னு சொல்றீங்க? இப்போ இந்தப் படத்தை மட்டும் எப்படி நம்புவேன்?"

நான் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். முத்துமாரி வாசலைக் காட்டினார்.

"வாங்க சார். நடந்தா இருவது நிமிசம்."

முழங்கால் வலியோடு அவர் சதுப்பில் இறங்கினார். ஒரு கையை முத்துமாரி பிடித்துக்கொண்டார். செடியை அடைந்ததும் அவர் என் உருப்பெருக்கியை வாங்கவில்லை, தன்னுடையதை எடுத்தார். இலைகளை எண்ணினார். ஊக்கை வாங்கித் தானே பூக்கிண்ணத்தைப் பிளந்தார். ஒன்று, இரண்டு என்று மலையாளத்தில் உதடு அசைந்தது. நாலோடு நின்றது. அடுத்த பூவை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். ஏழெட்டுப் பூ பிளந்த பிறகு, குனிந்த தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"அன்னிக்கு நான் செடியைப் பார்க்கலை. புத்தகத்தைத்தான் பார்த்தேன்."

முத்துமாரி விடவில்லை. "இட்டுக்கட்டுதேன்னு சொன்னீங்க சார். அஞ்சாறு பேர் முன்னால."

அவர் நிமிர்ந்தார். "சொன்னேன். அது தப்பு. அந்த அஞ்சாறு பேர்கிட்டயும் சொல்லிடறேன்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சனிக்கிழமை எட்டுப் பேர் வர்றாங்க. காலை ஏழு மணி. கூட்டிக்கிட்டுப் போறியா?" என்றார்.

முத்துமாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சனிக்கிழமை பேக்டரியில ஷிப்ட் இருக்கு. லீவு சொல்லணும்" என்றார். சரிவில் ஏறி, குரியன் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ஒரு தேயிலைப் புதரின் மேல் கையூன்றி நின்று, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். நான் கிட்டே போகவில்லை.

சாயங்காலம் பேராசிரியரைக் கூப்பிட்டேன். படங்களை அனுப்பினேன். விதைகள், தாடி, ரோமம், நாலு நாலாக முப்பது செடி. பிறகு அவரே அழைத்தார். "பக்கத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன்மா. ரெண்டு செடியும் ரெண்டு பக்கத்துல வரட்டும். சமவெளியில மட்டும்னு எழுதினதும் நான்தான், அதையும் எடுத்துடலாம்" என்றார். கொஞ்சம் தயங்கி, "அந்தப் பொண்ணோட நோட்டை நான் ஒரு தடவை பார்க்க முடியுமா, கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டேன். "இங்க வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார் முத்துமாரி.

*

ஊருக்குத் திரும்பியிருக்கலாம். சனிக்கிழமைவரை தங்கிவிட்டேன்.

எட்டுப் பேர் வந்தார்கள், நான் ஒன்பதாவது. யாருக்கும் என்னைத் தெரியாது. முத்துமாரி அன்றும் அதே ஆண்பிள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். குரல் முதலில் நடுங்கியது. சதுப்புக்குள் இறங்கியதும் நடுக்கம் போய்விட்டது. "இந்தப் புல்ல மாடு திங்காது, ஏன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் எல்லோரும் சின்னப் பிள்ளைகளைப்போலச் சேற்றில் குந்தி உட்கார்ந்திருந்தார்கள்.

ஊதாக் கதிர்களிடம் வந்தோம். அவர் செடியைக் காட்டி, குடும்பத்தைச் சொன்னார். சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நாற்பத்தாறாம் பக்கத்தை விரித்தார். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"மேடம், இதுல வேற மாதிரி இருக்கே. இலை ஏழு போட்டிருக்காங்க. மலையில வராதுன்னும் எழுதியிருக்காங்க."

முத்துமாரி புத்தகத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் கடைசியில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அத வரைஞ்சவங்க அப்ப இங்க வரல சார்" என்றார். "இப்ப வந்துட்டாங்க. புஸ்தகத்த மூடிட்டு நீங்களும் உக்காருங்க. எண்ணிப் பாப்போம்."

எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். பனி எங்களைச் சுற்றி மெல்ல மூடியது. வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாகக் கேட்டது: நாலு, நாலு, இங்கேயும் நாலு. நானும் ஒரு செடியின் முன்னால் உட்கார்ந்து, முதல் தடவை எண்ணுவதுபோல எண்ணினேன்.